சுண்டைக்காய் கால் பணம்

ஜப்பானில் ஹமமட்சு மாதிரி ஊருக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள், வந்து கொஞ்ச நாளில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணா, கூட வேலை பார்க்கிறவர் ஊருக்கே போறார். அவரோட காரைச் சும்மா எடுத்துக்கச் சொல்றார். எடுத்துக்கலாமா?”

டோக்கியோவில் இருப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. நிஷிகசாயில் குடியிருப்பவருக்குக் கார் வெறும் தலைவலி. வாசலுக்கு அருகிலேயே ரயில் இருக்கிறது. சுசுகி இருக்கும் ஹமமட்சு, டொயோட்டா நகரம், சுபாருவின் ஓட்டா என்று கார் செய்கிற ஊர்களில்தான் கார் இல்லாமல் பிழைப்பு ஓடாது. ஆலை ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில், பஸ்ஸோ பொழுது சாய்ந்தால் அபூர்வம். பத்து கிலோ அரிசியை சைக்கிளில் கட்டிக்கொண்டு மழையில் மிதித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆகவே கேள்வி நியாயமானது. பதில்தான் நீளம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள் தம்பி.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த ஊரில் பார்த்தே ஆகவேண்டும். முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு சின்ன சதுர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன்பெல்லாம் கண்ணாடியின் நடுவே இருந்தது. 2023 ஜூலையிலிருந்து ஓட்டுநர் பக்கத்து மேல் மூலைக்கு மாற்றிவிட்டார்கள். அதில் பெரிதாக ஓர் எண், அதன் தலையில் சின்னதாக இன்னோர் எண். பெரியது மாதம், சின்னது வருடம். வருடம் ஜப்பானிய ரெய்வா கணக்கில் இருக்கும். அதோடு 2018ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே 8, கீழே 11 என்றால் 2026 நவம்பர். சரியான தேதி ஸ்டிக்கரின் பின்புறத்தில், ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் தெரிகிற மாதிரி இருக்கும்.

அந்தத் தேதி வரைதான் அந்தக் கார் கார். மறுநாளிலிருந்து அது நான்கு சக்கரம் வைத்த இரும்பு.

இதற்குப் பெயர் ஷக்கென். அரசாங்கம் வைத்திருக்கும் கட்டாய வாகனப் பரிசோதனை. புதுக் காருக்கு முதல் தடவை மூன்று வருடம், அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. நம் ஊரில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகுதான் எஃப்.சி. பற்றி யோசிப்போம். தமிழ்நாட்டில் ஆயுள் வரியையும் வண்டி எடுக்கும்போதே கட்டித் தலைமுழுகிவிடுகிறோம். அதே பழக்கத்தோடு இங்கே வந்தால், கார் வாங்குவது ஒருநாள் செலவு என்று நினைக்கத் தோன்றும். இங்கே காரின் விலை சுண்டைக்காய்; சுமைகூலிதான் முக்கால் பணம்.

சுமைகூலியை உடைத்துப் பார்ப்போம். ஷக்கென் பில்லில் இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி சட்டம் கேட்பது: எடை வரி, ஜிபாய்செக்கி என்கிற கட்டாய இன்சூரன்ஸ், பரிசோதனைக் கட்டணம். மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட சின்ன கார், அதாவது கெய் கார் என்றால் இரண்டு வருட எடை வரி 6,600 யென். இன்சூரன்ஸ் 2023 ஏப்ரலில் வந்த கட்டணப்படி 17,540. ஒன்றிலிருந்து ஒன்றரை டன் வரை எடையுள்ள சாதாரணக் கார் என்றால் எடை வரியே 24,600. இந்தப் பாதியில் எந்தக் கடைக்குப் போனாலும் பெரிதாகக் குறையாது. மற்ற பாதிதான் ஆளுக்கு ஆள் மாறும்: பட்டறையின் கூலி, பிரேக் பேட், டயர், பேட்டரி, கிழிந்த ரப்பர் பூட், எரியாத பின் விளக்கு. நன்றாக வைத்திருந்த கெய் கார் மொத்தமாக 60,000–70,000 யென்னில் தேறிவிடும். கவனிக்காமல் விட்ட வண்டி லட்சத்தைத் தாண்டும். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். தேய்ந்த டயரை மாற்றாமல் வண்டி வீட்டுக்கு வராது.

இப்போது அந்த ‘சும்மா’ காருக்கு வருவோம். ஊருக்குப் போகிறவர் ஏன் சும்மா தருகிறார்? நூற்றில் பாதிப் பேர் நல்ல மனத்தோடுதான் தருகிறார்கள். மீதிப் பேரின் காரில் ஷக்கென் அடுத்த மாதம் முடிகிறது. அவரே புதுப்பித்து விற்றால் போட்ட பணம் வராது. கழித்துக்கட்ட அலைய வேண்டும். புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்தால் புண்ணியமும் ஆயிற்று, வேலையும் முடிந்தது. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த மாதம் 80,000 யென் கேட்கப்போகிற கார் இலவசம் கிடையாது. இரண்டு வருட ஷக்கென்னோடு கடையில் 2 லட்சம் யென்னுக்கு நிற்கும் அதே வயது கார் சில சமயம் அதைவிட லாபம்.

ஷக்கென் முடிந்த காரை, “பக்கத்துப் பட்டறைக்குத்தானே” என்று உருட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆறு மாதம் வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். கட்டாய இன்சூரன்ஸும் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே முடிந்திருக்கும். அதற்குத் தனியாக ஒரு வருடம் அல்லது 5 லட்சம் யென். லைசென்ஸில் புள்ளிகளும் ஏறும். வழி இல்லாமல் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் கேட்டால், குறுக்கே சிவப்புக் கோடு போட்ட தற்காலிக நம்பர் பிளேட்டைச் சில நாட்களுக்குத் தருவார்கள். அதை மாட்டிக்கொண்டு, சொன்ன வழியில் போய், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து ஒரு தேதி: ஏப்ரல் 1. அன்றைக்கு வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் வீட்டுக்கு மே மாதத் தொடக்கத்தில் வருடாந்திர வரி ரசீது வரும். மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். 2015 ஏப்ரலிலிருந்து பதிவான கெய் காருக்கு 10,800 யென். ஒரு லிட்டருக்கு மேல் ஒன்றரை லிட்டர் வரை என்ஜின் உள்ள காருக்கு, 2019 அக்டோபருக்கு முன் பதிவானது என்றால் 34,500. பின்னால் பதிவானது என்றால் 30,500. பதிவாகி 13 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கு வரியை ஏற்றிவிடுவார்கள்: கெய் 12,900, ஒன்றரை லிட்டர் 39,600. எடை வரியும் 13இல் ஒரு படி, 18இல் ஒரு படி ஏறும். பழையது புகை அதிகம் விடும், கழித்துவிடு என்று அரசாங்கம் நாசூக்காகச் சொல்கிறது. ஹைப்ரிட் வண்டிகளுக்கு அந்த வருடாந்திர வரி உயர்வு கிடையாது. பழைய ப்ரியஸ், ஆக்வா எல்லாம் சாலையில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெயர் மாற்றத்தைக் கைமாறிய 15 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதைவிட முக்கியமான அவசரம் ஒன்று இருக்கிறது. சாதாரணக் காருக்குப் பெயர் மாற்ற, விற்பவரின் பதிவுசெய்த முத்திரைச் சான்றிதழ் வேண்டும். மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அவர் நகராட்சியில் “நான் ஊரை விட்டுப் போகிறேன்” என்று எழுதிக் கொடுத்தால், போகும் தேதியோடு அந்த முத்திரைப் பதிவே ரத்தாகிவிடும். விமானம் ஏறிய பிறகு வாட்ஸ்அப்பில் “அண்ணா, ஒரு பேப்பர் மட்டும்” என்று கேட்டுப் பயனில்லை. அவர் மூட்டை கட்ட ஆரம்பிக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள். கெய் காருக்கு இந்த முத்திரைச் சான்று வேண்டாம். வாங்குபவரின் குடியிருப்புச் சான்று போதும், அலுவலகமும் வேறு, வேலையும் சுலபம்.

முத்திரை பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கார் வாங்கினால் உங்களுக்கும் ஒன்று வேண்டும். நகராட்சிகள் ஏற்றுக்கொள்ளும் அளவு 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். தனாகாக்களுக்கும் சுசுகிக்களுக்கும் அது தாராளம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையும் விரித்து எழுதி, அதற்குப் பின்னால் தன் பெயரையும் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு அது ஒரு சோதனை. முத்திரை செய்பவர் பெயர்ப் படிவத்தை ஒரு பார்வை பார்ப்பார், வட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். முழுப் பெயரும் தேவையில்லை. குடியிருப்புப் பதிவில் இருக்கிற பெயரின் ஒரு பாதியை மட்டும் செதுக்கினாலும் பெரும்பாலான நகராட்சிகளில் ஏற்பார்கள். கத்தகானா எழுத்தில் வேண்டுமென்றால் அந்த எழுத்து வடிவம் முதலில் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். கேட்டுவிட்டுச் செதுக்கச் சொல்லுங்கள்.

ஷக்கென் சான்றிதழில் இன்னொன்று பாருங்கள். அதில் உரிமையாளர், பயன்படுத்துபவர் என்று இரண்டு இடங்கள் உண்டு. காரைத் தவணையில் எடுத்தவர் பெரும்பாலும் பயன்படுத்துபவர் மட்டுமே. உரிமையாளர் கார் கம்பெனியாகவோ கடன் கொடுத்த நிறுவனமாகவோ இருக்கும். கடன் முழுக்கத் தீர்ந்து, அந்த நிறுவனம் உரிமையை விட்டுக்கொடுக்கும் வரை, உங்கள் நண்பரால் அதை உங்களுக்குக் கொடுக்கவே முடியாது. அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். சாதாரணக் கார்களுக்கு 2023 ஜனவரியிலிருந்தும் கெய் கார்களுக்கு 2024 ஜனவரியிலிருந்தும் சான்றிதழ் கையளவு அட்டையாகச் சுருங்கிவிட்டது. உரிமையாளர் பெயரும் காலாவதித் தேதியும் அட்டையில் அச்சாகியிருக்காது. உள்ளே சிப்பில் இருக்கும். அதற்கான செயலியைப் போனில் போட்டு அட்டையின் மேல் வைத்தால் படிக்கும். இல்லையென்றால் கூடவே ஓர் அச்சுத்தாள் கொடுத்திருப்பார்கள், அதைக் கேளுங்கள்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, காரை எங்கே நிறுத்துவீர்கள்?

சிரிக்காதீர்கள். நிறுத்த இடம் காட்டாதவனுக்குச் சாதாரணக் கார் பதிவே கிடையாது. 1962இல் போட்ட சட்டம் அது. தெருவோரத்தில் கார்கள் ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்த காலத்தில், கார் வேண்டுமென்றால் முதலில் கொட்டகை காட்டு என்றார்கள். அந்தச் சான்றுக்கு ஷக்கோ ஷோமெய் என்று பெயர். கொடுப்பது உள்ளூர்க் காவல் நிலையம். வீட்டிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்குள் இடம் இருக்க வேண்டும். வாடகை இடம் என்றால் இடத்துக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கே தனியாகக் காசு கேட்கும் வீட்டு ஏஜென்ட்டுகளும் உண்டு. வரைபடம் நீங்களே போட வேண்டும்: வீடு எங்கே, இடம் எங்கே, முன்னால் போகும் தெரு எத்தனை மீட்டர் அகலம், கட்டம் எத்தனை மீட்டர் நீளம். பள்ளிக்கூட வரைபடப் பாடம் கடைசியில் பயன்படும் இடம் இதுதான். கொடுத்துவிட்டு வந்தால் போலீஸ் சரிபார்த்து, சில நாளில் சான்று தரும். கெய் காருக்கு நகரங்களில் வாங்கிய பின் தெரிவித்தால் போதும். பல சிற்றூர்களில் அதுவும் வேண்டாம். வேண்டாம் என்பதற்காகத் தெருவில் நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. நிறுத்த ஓர் இடம் எப்படியும் வேண்டும். டோக்கியோ நடுப்பகுதியில் மாத வாடகை 30,000 யென்னைத் தாண்டுவது சாதாரணம். ஆலை ஊர்களில் அதில் சிறு பங்குதான். சில குடியிருப்புகளில் வீட்டு வாடகையோடே ஒரு கட்டம் சேர்ந்து வரும்.

நண்பரின் கார் ஒத்துவரவில்லை, கடைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். கண்ணாடியில் பெரிய சிவப்பு எழுத்தில் 29.8 என்று இருக்கும். பக்கத்தில் உள்ள எழுத்து ‘மான்’, அதாவது பத்தாயிரம். 2,98,000 யென். முன்பு இந்த எண்ணைப் பார்த்து உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது வேறு ஓர் எண்ணோடு வருவார்கள். பதிவுக் கூலி, சுத்தம் செய்த கூலி, ஒப்படைக்கத் தயார்செய்த கூலி என்று பட்டியல் நீளும். 2023 அக்டோபரிலிருந்து வணிகர் சங்கத்தின் விதிமுறை மாறிவிட்டது. வரி, இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்த மொத்த விலையை எழுதியாக வேண்டும். கழுவித் துடைத்ததற்கெல்லாம் தனியாக வாங்கக் கூடாது. ஆனால் அந்த மொத்தம், கடை இருக்கிற மாகாணத்திலேயே பதிவுசெய்து, நீங்களே கடைக்கு வந்து எடுத்துப்போவதற்கான விலை. ஷிசுவோக்காவில் இருந்துகொண்டு நகோயா கடையில் வாங்கினால் கொஞ்சம் கூடும். அதில் தவறில்லை.

காரின் விலை அட்டையில், விலைக்கு அடுத்து ஷக்கென் வரியைப் படியுங்கள். இரண்டு வருடம் சேர்த்துத் தருகிறார்களா, மிச்சம் இருப்பதோடு தருகிறார்களா, இல்லவே இல்லையா? ஷக்கென் முடிந்து நிற்கும் காரைச் சாலையில் ஓட்டிப் பார்க்க முடியாது. என்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள், அவ்வளவுதான். ‘இருக்கிற நிலையில்’ என்று எழுதியிருந்தால், அதைப் பழுது பார்க்கவும் மாட்டார்கள், உத்தரவாதமும் தரமாட்டார்கள். மெக்கானிக் நண்பர் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஷுஃபுக்குரெக்கி என்று இன்னொரு வரி இருக்கும். உண்டு அல்லது இல்லை. நம் ஆட்கள் இதை ‘ஆக்ஸிடென்ட் ஆன வண்டியா’ என்பதற்கான பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். முழுக்க அப்படியில்லை. வண்டியின் எலும்பு, அதாவது சேஸிஸோடு சேர்ந்த தூண்கள், குறுக்குச் சட்டங்கள், கூரை, தரை போன்றவை அடிபட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தால்தான் ‘உண்டு’. பம்பர், கதவு, மட்கார்டு எல்லாம் மாற்றியிருந்தாலும் எலும்பில் கைவைக்காவிட்டால் ‘இல்லை’தான். அதைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்ததோடு இருக்கும் போல்ட் மழமழவென்று இருக்கும். ஸ்பேனர் போட்டுத் திருகியிருந்தால் ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும். திருகியவர் ஏன் திருகினார் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். நான் பார்த்தவரை இந்த ஊர் விற்பனைக்காரர்களின் இயல்பு அதுதான்.

பெரும்பாலான கடைகள் வண்டியை ஏலத்தில் எடுக்கின்றன. சிபா மாகாணத்து நோடாவில் யு.எஸ்.எஸ். நடத்தும் ஏலம் மாதிரியானவற்றில் உறுப்பினர் அல்லாதவர் நுழைய முடியாது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஏலக்காரர்கள் போட்ட மதிப்பெண் தாள் ஒன்று உண்டு. 4, 3.5 என்று மதிப்பெண். எலும்பில் வேலை நடந்திருந்தால் பெரும்பாலும் ஆர் என்ற எழுத்து. அதில் கார் படம் வரைந்து, கீறலுக்கு ஓர் எழுத்து, நெளிவுக்கு ஓர் எழுத்து, மாற்றிய பாகத்துக்கு இரட்டைப் பெருக்கல் குறி என்று குத்தியிருப்பார்கள். “ஏலத்தாள் இருக்கிறதா?” என்று கேளுங்கள். காட்டுகிற கடைக்காரரிடம் மேற்கொண்டு பேசலாம்.

கிலோமீட்டர் விஷயத்தில் நமக்கும் இவர்களுக்கும் ஒத்தே வராது. லட்சம் கிலோமீட்டர் ஓடினால், பத்து வருடம் ஆனால், இவர்களுக்கு அந்தக் கார் முடிந்துபோன கதை. விலை சரசரவென்று இறங்கிவிடும். நமக்கு லட்சம் கிலோமீட்டர் என்பது இப்போதுதான் வண்டி பழகியிருக்கிறது என்ற கணக்கு. இந்த இடைவெளியில்தான் உங்களுக்கு லாபம். எண்பதாயிரம் ஓடிய காருக்கும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஓடிய காருக்கும் விலையில் இருக்கும் பள்ளம், இயந்திரத்தில் இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால். மாற்றியிருக்கிறார்களா என்பதற்கு டேஷ்போர்டுப் பெட்டியில் பராமரிப்புக் குறிப்பேடு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஷக்கென்னின்போது ஓடியிருந்த கிலோமீட்டர் சான்றிதழ்ப் பதிவிலும் இருக்கும்; மீட்டரோடு ஒப்பிடுங்கள்.

இவர்கள் ஒதுக்கும் கார்களில் பல கப்பலேறுகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ‘ரீகண்டிஷன்’ என்று சொல்லி வாங்கிய விட்ஸும் ஆக்வாவும் வேகன் ஆரும் பெரும்பாலும் இந்த ஊர் ஏலங்களிலிருந்து வந்தவையே. இலங்கை 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல் மறுபடி திறந்தபோது, இங்கே ஏலங்களில் இலங்கை வியாபாரிகளின் கை மறுபடி உயர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இங்கே வந்தால் கார் விஷயத்தில் நம்மைவிட விவரமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. மாடல் பெயரும் அதன் நோயும் அவர்களுக்கு மனப்பாடம்.

எந்த ஊர்க் கார் என்றும் கேளுங்கள். நீகாத்தா, அக்கித்தா, ஹொக்கைடோ என்று பனி ஊர்களில் ஓடிய காரின் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும். சாலையில் பனி உருக உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு அடிப்பாகத்தைத் தின்றிருக்கும். குனிந்து, போன் டார்ச்சைப் போட்டு, சைலன்சர் குழாய், பின் ஆக்ஸில், தரைத் தகட்டின் மடிப்புகளைப் பாருங்கள். மேலாக ஒரு பழுப்புப் பூச்சு இருந்தால் பரவாயில்லை. தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீரில் மூழ்கிய கார் என்று சந்தேகம் வந்தால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கடையில் எதைக் கழுவினாலும் பெல்ட்டின் உள்சுருளைக் கழுவ மறந்துவிடுவார்கள்; சேற்றுக் கோடு அங்கே நிற்கும். ஸ்டெப்னிப் பள்ளத்தையும் திறந்து மோந்து பாருங்கள்.

பெரிய கடையா, சின்ன கடையா என்பதில் எனக்கு ஒரு சார்பு உண்டு. 2023இல், பழைய கார் விற்கும் பிக்மோட்டார் நிறுவனத்தின் விவகாரம் நாட்டையே உலுக்கியது. பழுது பார்க்க வந்த வண்டிகளைக் காலுறைக்குள் கோல்ஃப் பந்தைப் போட்டு அடித்து, சேதத்தைப் பெரிதாக்கி இன்சூரன்ஸ் பணம் வாங்கியது விசாரணை அறிக்கையில் வெளியாகி, அதன் தலைவர் பதவி விலகினார். அடுத்த வருடம் அந்தத் தொழில் வேறு கைக்கு மாறியது. நாடு முழுக்க விளம்பரம் செய்த நிறுவனம் அது. அதற்காக எல்லாப் பெரிய கடைகளும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனாலும் முன்னால் பத்துக் கார், பின்னால் லிஃப்ட்டோடு ஒரு பட்டறை, கையில் கிரீஸோடு வெளியே வரும் ஒரு பெரியவர், இப்படி ஒரு கடை உங்கள் வீட்டுக்கு அருகில் இருந்தால் முதலில் அங்கே போங்கள். அடுத்த ஷக்கென்னையும் அவரே செய்வார் என்பதால், ஓட்டைக் காரை உங்கள் தலையில் கட்டிவிட்டு இரண்டு வருடம் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கும் பிடிக்காது.

எந்தக் கார் என்று கேட்டால், தனியாளுக்கும் சின்னக் குடும்பத்துக்கும் கெய்தான் என் பதில். 660 சிசி என்ஜின், 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், நாலு பேர். வரி குறைவு, இடம் குறைவு, காகிதம் குறைவு. நம் ஊருக்கு 1983இல் வந்த மாருதி 800 இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அதற்கு மட்டும் 796 சிசி. குறையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு டோமேய் நெடுஞ்சாலையில் ஹக்கோனே பக்கம் மேடு ஏறினால், டர்போ இல்லாத கெய் கதறும். பின்னால் லாரி வந்து நிற்கும். கெய் மலிவு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் பழைய கெய் கார்களின் விலையும் இப்போது அவ்வளவு மலிவில்லை. பழைய ஒன்றேகால் லிட்டர் கார் சில சமயம் விலையில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும். வரியைக் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய 1949 ஜெனீவா ஒப்பந்த சர்வதேசப் பெர்மிட்டை வைத்து, வந்திறங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு வருடம் ஓட்டலாம். ஊருக்குப் போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால் அந்த ஒரு வருடம் புதிதாகத் தொடங்காது. பிறகு ஊர் லைசென்ஸை ஜப்பான் லைசென்ஸாக மாற்ற வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வு 10 கேள்வியிலிருந்து 50 ஆகிவிட்டது. 90 சதவீதம் வேண்டும். ஓட்டிக் காட்டும் தேர்வும் இறுகிவிட்டது. ஆகவே கார் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

கடைசியாக, சாவி கைக்கு வரும் நாள். ஜிபாய்செக்கி மற்றவரின் உடம்புக்கு மட்டும்தான்: உயிர் போனால் அதிகபட்சம் 3 கோடி யென், காயத்துக்கு 12 லட்சம். நீங்கள் இடித்த கடைக் கதவுக்கோ, எதிரில் வந்த பென்ஸுக்கோ, உங்கள் கைகாலுக்கோ அதில் ஒரு யென் கிடையாது. தனி இன்சூரன்ஸ் கட்டாயமில்லை என்று சட்டம் சொல்கிறது. அது இல்லாமல் ஒருநாள்கூட ஓட்டாதீர்கள் என்று நான் சொல்கிறேன். அடுத்தவர் உடம்புக்கும் அடுத்தவர் பொருளுக்கும் வரம்பில்லாத காப்பீடு என்று எழுதச் சொல்லுங்கள். முதன்முதலாக எடுப்பவர் 20 படிகளில் ஆறாவது படியில் தொடங்குவார். விபத்தில்லாமல் ஓட்டும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு படி ஏறும், கட்டணம் இறங்கும். ஓட்டுநரின் வயது வரம்பையும் யார் யார் ஓட்டலாம் என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். மனைவி ஓட்டப்போகிறார் என்றால் அன்றே சேர்த்துவிடுங்கள்.

பிறகு தொடக்க நேரம். எதுவும் சொல்லாவிட்டால் பல இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகள் பத்திரத்தில் தொடக்கத்தை அன்றைய மாலை 4 மணி என்று எழுதிவிடுவது வழக்கம். கடையில் காரை ஒப்படைப்பதோ பெரும்பாலும் காலையில். பத்து மணிக்குக் கிளம்பி, புதுக் காரில் கோவிலுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போய்வந்தால், அந்த ஆறு மணி நேரமும் காப்பீடு கிடையாது. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள், ஒப்படைக்கும் நேரத்துக்கு முன்னால் ஆரம்பிக்கிற மாதிரி மாற்றித் தருவார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.